பாலை விட்டவர்களே, டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்!

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. சேர்வராயன் மலை மக்களுக்குச் சாமையும் கேழ்வரகும் பரம்பரைச் சாப்பாடு. சூடான சாமைச் சோற்றில் ஒரு ஸ்பூன் மஞ்சள் தூள் தூவினால் சீஸ் வாசனை தூக்கும். ஆனால் அதில் பாலே கிடையாது!

என்ன தூள் அது?

'நியூட்ரிஷனல் ஈஸ்ட்'. ரொட்டிக்கடை ஈஸ்ட்டின் பங்காளிதான். சர்க்கரை ஆலை மொலாசஸில் வளர்த்து, சூட்டில் உயிரை எடுத்துக் காயவைப்பது. மாவைப் பொங்க வைக்காது. அடுப்பை அணைத்த பிறகு தூவுவதே நல்லது. கொதிக்க விட்டால் சத்தில் கொஞ்சம் போய்விடும்.

பம்பாயில் நடந்தது

1928-ல் லூசி வில்ஸ் என்ற இங்கிலாந்து லேடி டாக்டர் பம்பாய் வந்தார். பஞ்சாலை வேலைக்குப் போன கர்ப்பிணிகள் சோகையால் வாடினார்கள். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த 'மார்மைட்'டைக் கொடுத்தார். தேறிவிட்டார்கள்! 1931-ல் அதை உலகுக்குச் சொன்னார். அந்தச் சத்துதான் பின்னாளில் போலிக் அமிலம் என்று பெயர் பெற்றது.

இங்கேதான் ஆபத்து!

பி12 சத்து வேறு சமாச்சாரம். ஈஸ்ட்டில் அது இயற்கையாகக் கிடையாது. கம்பெனிக்காரர் சேர்த்தால்தான் உண்டு. பால், தயிர், முட்டை, மீன் எல்லாவற்றையும் விட்டவருக்குச் சில வருஷம் ஒன்றும் தெரியாது. அப்புறம் கை கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், ஞாபகம் தப்பும். போலிக் அமிலம் நிறையச் சேர்ந்தால் சோகையை மறைத்துவிடும். உள்ளே நரம்பு கெடுவது மட்டும் நிற்காது!

ஆகவே வாங்குமுன் டப்பாவில் 'பி12' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையா? டாக்டரிடம் கேட்டு மாத்திரை எடுங்கள். நாக்குக்கு ருசி கிடைத்தால் போதுமா? நரம்பும் பிழைக்க வேண்டாமா?