கடலடியிலிருந்து தோட்டத்து லயம் வரை: இணையம் வரும் வழி



'இணையம்' என்றதும் நம்மில் பலர் வானத்தை அண்ணாந்து பார்க்கிறோம். கைப்பேசியில் கம்பி இல்லை. ஆகவே செய்தியும் படமும் ஆகாயத்திலிருந்து இறங்கி வருவதாக எண்ணிக் கொள்கிறோம். உண்மை வேறு. சென்னையிலிருந்து உறவினர் அனுப்பும் திருமணப் படம், தன் பயணத்தின் பெரும்பகுதியைக் கம்பிக்குள்ளேயேதான் கடக்கிறது. காற்றில் அது வருவது இரு முனைகளிலும் சிறிது தூரம் மட்டுமே. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், நம் தோட்டங்களில் இணையம் ஏன் தடுமாறுகிறது, அதற்கு நாம் செய்யத் தக்கது என்ன என்பதும் விளங்கிவிடும். தொலைபேசிக் கம்பி வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் என்ற முறையில், அறிந்ததை எளிய முறையில் சொல்ல முற்படுகிறேன்.

எழுத்து எண்ணாகிறது

கணினிக்குத் தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது. அது அறிந்தது எண் ஒன்றே. ஒருங்குறி எனப்படும் உலகப் பொது அட்டவணையில் 'அ' என்ற எழுத்தின் எண் 2949. 'ஆ' என்பதன் எண் 2950. நாம் எழுதுவது எதுவாயினும் இப்படி எண்களாகி, அவ்வெண்கள் பூச்சியம், ஒன்று என்ற இரண்டே குறிகளாகிப் பயணம் புறப்படுகின்றன. கணினியில் தமிழை ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர் 'முரசு அஞ்சல்' கண்ட நம் நாட்டு முத்து நெடுமாறன் என்பது நமக்கெல்லாம் பெருமை.

காவடியும் பொட்டலமும்

பெரிய காவடியை வீட்டிலிருந்து கோயிலுக்கு அப்படியே தூக்கிச் செல்ல முடியுமா? முடியாது. பகுதி பகுதியாகக் கழற்றி, இது முதலாவது, இது இரண்டாவது என்று அடையாளமிட்டு, நான்கு வண்டிகளில் ஏற்றுகிறோம். நான்கும் ஒரே சாலையில் போக வேண்டும் என்பதில்லை. கோயில் வாசலில் எண் பார்த்துப் பூட்டினால் காவடி முழுமையாகிவிடும்.

இணையமும் அவ்வாறே. ஒரு படம் நூற்றுக்கணக்கான சிறு பொட்டலங்களாகப் பிரிகிறது. ஒவ்வொன்றிலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, வரிசை எண் மூன்றும் உண்டு. வழியெங்கும் இருக்கும் 'ரவுட்டர்' என்னும் கருவி, தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவரைப் போல முகவரியைப் படித்து, எந்தத் திசை தோதோ அந்தத் திசையில் தள்ளிவிடுகிறது. ஒரு பொட்டலம் தவறிவிட்டால், அது மட்டும் மீண்டும் அனுப்பப்படும்.

1969-ல் அமெரிக்காவில் 'ஆர்ப்பாநெட்' என்ற பெயரில் தொடங்கிய இந்த ஏற்பாடு, 1983 ஜனவரி 1 அன்று, இன்றும் நாம் பயன்படுத்தும் பொது விதிமுறைக்கு மாறியது. நம் நாட்டில் 1992-ல் மைமோஸ் நிறுவனத்தின் 'ஜாரிங்' முதல் இணையச் சேவையாக அமைந்தது. ஜாரிங் என்ற மலாய்ச் சொல்லுக்கும் வலை என்றே பொருள்.

நம் கடற்கரையில் ஏறும் கேபிள்

கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் தகவலில் 95 விழுக்காட்டிற்கும் மேல் கடலடிக் கேபிள் வழியாகவே செல்கிறது. செயற்கைக்கோளின் பங்கு மிகச் சிறிது. 2005-ல் முடிவுற்ற 'சீ-மீ-வீ 4' என்னும் கேபிள் சிங்கப்பூரிலிருந்து பிரான்சின் மார்செய் வரை சுமார் 18,800 கிலோமீட்டர் நீள்கிறது. அது கரையேறும் இடங்களில் நம் மலாக்காவும் ஒன்று, சென்னையும் ஒன்று, கொழும்பும் ஒன்று! மூன்று ஊர்த் தமிழரையும் ஒரே கம்பி இணைக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆழ்கடலில் இந்தக் கேபிளின் பருமன், செடிக்கு நீர் பாய்ச்சும் ரப்பர் குழாயளவுதான். உள்ளே தலைமுடி போன்ற கண்ணாடி இழைகள். அவற்றில் ஓடுவது மின்சாரமன்று, ஒளி. விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்வதால், சென்னையிலிருந்து மலாக்கா வர விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கு போதும்.

இது நம் கடலுக்குப் புதிதன்று. 1870, 71-ஆம் ஆண்டுகளிலேயே சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து மலாக்கா நீரிணை வழியே சிங்கப்பூருக்கும் தந்திக் கேபிள் போடப்பட்டது. உப்புநீர் புகாமல் அக்காலத்துக் கடல் கேபிள்களின் செம்புக் கம்பிகளைக் காத்தது, மலாயாக் காட்டு மரம் ஒன்றின் பாலாகிய 'கெத்தா பெர்ச்சா'.

கேபிளும் அறுவதுண்டு. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே இதே கேபிள் பழுதுற்றபோது, இந்தியாவிலும் மத்தியக் கிழக்கிலும் இணையம் பெரிதும் தளர்ந்தது. ஆயினும் அடியோடு நிற்கவில்லை. பொட்டலங்கள் வேறு வழி தேடிச் சென்றன.

கடைசிக் கட்டமே கடினம்

கரையேறிய தகவல், நிலத்தடிக் கண்ணாடி இழை வழியே பட்டணங்களுக்கும், அங்கிருந்து தொலைத்தொடர்புக் கோபுரங்களுக்கும் செல்கிறது. கோபுரத்திலிருந்து நம் கைப்பேசிக்கு வருவது மட்டுமே வானொலி அலை. 'வைஃபை' அதனினும் குறுகியது. வீட்டுக்கு வந்துவிட்ட இணையத்தைச் சில பத்து மீட்டர் தூரத்திற்குப் பரப்புவது மட்டுமே அதன் வேலை.

இங்கேதான் தோட்டத்தின் துன்பம் தொடங்குகிறது. நீர்ச்சத்து நிறைந்த செம்பனை ஓலைகள் அலைகளை உறிஞ்சுகின்றன. குன்றுகள் மறைக்கின்றன. அதிவேக அலைவரிசைகள் தடைகளை ஊடுருவுவதில் வலிமை குறைந்தவை. லயங்களோ பெரும்பாலும் பள்ளத்தில் இருக்கின்றன. தோட்ட நிலம் தனியாருடையது. கோபுரம் எழுப்பவும் கேபிள் இழுக்கவும் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். குடியிருப்போர் சிலரே என்றால், செலவு செய்ய நிறுவனங்களும் தயங்குகின்றன.

2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடியபோது, ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் கண்டதைச் சொல்கிறேன். நல்ல மனம் படைத்த ஒருவர் பிள்ளைகளுக்குப் புத்தம் புதிய கைக்கணினிகள் வாங்கித் தந்திருந்தார். ஆனால் லயத்தில் அலை எட்டவில்லை. பாடம் வரும் நேரம் பார்த்து, பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்றார்கள். மழை வந்தால் படிப்பு நின்றது. கருவி இருந்தது; வழி இல்லை. கோடிக்கணக்கில் செலவிட்டு ஏழு கடல் தாண்டி மலாக்காக் கரைக்கு வந்த கேபிள் எங்கே, அந்த மேடு எங்கே?

பள்ளிகள் திறந்துவிட்டன, ஆனால் தேவை தீரவில்லை. பல்கலைக்கழக மனு இணையத்தில்தான். அரசாங்க உதவித் தொகைக்குப் பதிவதும் இணையத்தில்தான். அலை எட்டாத வீட்டுப் பிள்ளை, தகுதி இருந்தும் கடைசி நாளைத் தவறவிட்டுவிடும்.

நாம் செய்யத் தக்கவை

உதவ விரும்பும் அன்பர்களுக்குச் சில யோசனைகள்:

முதலாவது, கருவி வாங்குமுன் அளந்து பாருங்கள். லயம், பள்ளி, கோயில் மண்டபம் ஆகிய மூன்று இடங்களிலும், பகலிலும் இரவிலும், எந்த நிறுவனத்தின் அலை நன்கு கிடைக்கிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். ஒரு கைப்பேசியே இதற்குப் போதும்.

இரண்டாவது, அருகிலுள்ள சாலை வரை கண்ணாடி இழை வந்திருந்தால், தோட்ட நிர்வாகத்தின் சம்மதத்தோடு மண்டபத்துக்கு ஓர் இணைப்பு எடுங்கள். ஒரு கம்பி, ஒரு வைஃபை கருவி, சில மேசைகள் இருந்தால் மாலையில் இருபது பிள்ளைகள் படிக்கலாம்.

மூன்றாவது, இழை வர வழியில்லையேல், கூரைக்கு மேல் உயரமான கம்பத்தில் வெளிப்புற ஆண்டெனா பொருத்தி, கோபுரத்தை நோக்கித் திருப்புங்கள். ஓலைக்கு மேலே அலை வலுவாகவே இருக்கும்.

நான்காவது, மாதக் கட்டணத்தை மறவாதீர்கள். கருவியைத் தருபவர் பலர். பன்னிரண்டு மாதக் கட்டணத்தை ஏற்பவர் சிலரே. ஆண்டுதோறும் ஒரு குடும்பம் பொறுப்பேற்றால் அந்த இணைப்பு நிலைக்கும்.

வசதி படைத்தோர் பட்டணத்தில் இருக்கிறோம். நம்மில் பலருடைய வேர் இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறது. அடுத்த முறை அங்கே செல்லும்போது, சாமி கும்பிட்டபின் மண்டபத்தில் ஐந்து நிமிடம் நின்று, அலை எத்தனைக் கோடு காட்டுகிறது என்று பாருங்கள். அதைக் கோயில் நிர்வாகத்தாரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.