தேசத்திற்காக ஜெபிப்பது என்றால் என்ன?



மிஷன் ஆஸ்பத்திரிகளில் ஓ.பி. சீட்டுக் கொடுக்கத் தொடங்குமுன் காலை ஜெபம் நடப்பது உங்களுக்குத் தெரியும். அன்றைய ஆபரேஷன்கள், வார்டில் வேதனைப்படும் நோயாளிகள், ஊழியர்களின் குடும்பங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிப்போம். கடைசியில் ஒருவர், தேசத்தையும் அதை ஆளுகிறவர்களையும் ஒரே வாக்கியத்தில் கர்த்தரிடம் ஒப்புக்கொடுப்பார். எல்லாரும் ஆமென் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவோம்.

ஒரு தேர்தல் முடிந்த சமயம். ஜெபம் முடிந்ததும் இளம் செவிலியர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, நான் ஓட்டுப் போடாதவர்கள் ஜெயித்துவிட்டார்கள். அவர்கள் பேசுவதைக் கேட்டாலே எனக்குப் பயமாக இருக்கிறது. அவர்களுக்காக நான் மனதார எப்படி ஜெபிக்கிறது?" என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பிறகு வேதத்தையும் நம் சபை வரலாற்றையும் புரட்டிப் பார்த்தபோது கிடைத்த பதிலை உங்களோடும் பகிர்ந்துகொள்ளுகிறேன்.

1. ஜெபிப்பது வேறு, ஆமோதிப்பது வேறு

ராஜாக்களுக்காகவும் அதிகாரத்தில் உள்ளவர்களுக்காகவும் ஜெபிக்கும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார் (1 தீமோத்தேயு 2:1-2). பவுல் ஊழியம் செய்த பிற்காலத்தில் ரோமாபுரியை ஆண்டவன் யார் தெரியுமா? கி.பி. 54 முதல் 68 வரை அரசாண்ட நீரோ. கிறிஸ்தவர்களைக் கொடுமையாகக் கொன்றவன். கி.பி. 96-ஐ ஒட்டி ரோமாபுரியின் சபையிலிருந்து கொரிந்து சபைக்கு ஒரு நிருபம் போயிற்று. கிளெமெந்து எழுதியதாகச் சொல்லப்படும் அந்த நிருபத்தின் கடைசிப் பகுதியில் ஆளுகிறவர்களுக்காக நீண்ட ஜெபம் இருக்கிறது. ஏறக்குறைய கி.பி. 197-ல் கார்த்தேஜ் பட்டணத்துத் தெர்த்துல்லியனும், கிறிஸ்தவர்கள் சக்கரவர்த்திக்காக ஜெபிக்கிறவர்கள் என்று எழுதினார். இத்தனைக்கும் அந்தச் சக்கரவர்த்தியைத் தெய்வம் என்று சொல்ல மாட்டோம் என்பதற்காகவே அன்றைய விசுவாசிகள் பாடுபட்டார்கள். தலைவணங்க மறுத்தார்கள், ஜெபிக்க மறுக்கவில்லை.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. ஆளுகிறவருக்காக ஜெபிப்பது அவர் செய்வதையெல்லாம் சரியென்று கையெழுத்துப் போடுவது அல்ல. அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார் என்று அறிக்கையிடுவது அது. 72-ம் சங்கீதம் ராஜாவுக்காக என்ன கேட்கிறது என்று பாருங்கள். எளியவனுக்கு நியாயம் கிடைக்க வேண்டும், ஒடுக்குகிறவன் நொறுக்கப்பட வேண்டும் என்று கேட்கிறது. ராஜாவின் புகழ் அந்த நியாயத்திற்குப் பின்னால்தான் வருகிறது.

நம் நாட்டிலும் இந்த ஜெபத்தில் பெயர்கள் மாறியிருக்கின்றன. ஏற்காட்டிலுள்ள பரிசுத்த திரித்துவ ஆலயம் 1853-ம் ஆண்டைச் சேர்ந்தது. ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தை உபயோகித்த ஆலயங்களில் எல்லாம் அந்நாட்களில் இங்கிலாந்தின் அரசருக்காகவோ அரசிக்காகவோதான் ஜெபித்தார்கள். 1947-ம் ஆண்டு ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றது. ஆறு வாரம் கழித்து, செப்டம்பர் 27-ல், தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. 1950-ம் ஆண்டு ஜனவரி 26-ல் இந்தியா குடியரசாயிற்று. அரசரின் பெயர் இருந்த இடத்தில் குடியரசுத் தலைவர் வந்தார். இன்று நம் ஆராதனையில் குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர், முதலமைச்சர் என்று ஜெபிக்கிறோம். ஆட்சி மாறிக்கொண்டே இருக்கிறது. ஜெபிக்க வேண்டும் என்ற கட்டளை அப்படியே நிற்கிறது.

2. "அவர்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள்

நாட்டுக்காக ஜெபிக்கும்போது நம்மில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. லஞ்சம் வாங்குகிறவர்கள், சண்டை மூட்டுகிறவர்கள், குடிக்கிறவர்கள் என்று மற்றவர்களுடைய பாவங்களை ஆண்டவருக்கு எடுத்துச் சொல்லுகிறோம், அவருக்குத் தெரியாதது போல.

நெகேமியா அப்படி ஜெபிக்கவில்லை. எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறது என்று கேட்டபோது அவர் சூசான் அரண்மனையில் நல்ல வேலையில் இருந்தார். அலங்கம் இடிந்ததற்கும் அவருக்கும் நேரான சம்பந்தம் இல்லை. ஆனாலும் அழுது, உபவாசித்து, பாவம் செய்தவர்களின் கூட்டத்தில் தன்னையும் தன் தகப்பன் வீட்டாரையும் சேர்த்துக்கொண்டார் (நெகேமியா 1). தானியேலும் 9-ம் அதிகாரத்தில் தன் ஜனத்தின் குற்றத்தைத் தன் குற்றமாகவே சொல்லி மன்றாடினார்.

நாமும் அப்படியே ஆரம்பிப்போம். லஞ்சம் ஒழிய வேண்டும் என்று ஜெபிக்கிற நாம், காரியம் சீக்கிரம் முடிவதற்காக மேஜைக்குக் கீழே எப்போதாவது பணம் கொடுத்திருக்கிறோமா? சாதிச் சண்டை ஓய வேண்டும் என்று ஜெபிக்கிறோம். தமிழ்நாட்டில் சில ஊர்களில் கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டமே சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கிறதே, அது யாருடைய பாவம்? நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும்போது ஞானஸ்நானத்தைக் கேட்குமுன் சாதியைக் கேட்கிறோம்? "நாங்கள்" என்று ஆரம்பிக்கிற ஜெபம் வலிக்கும். வலிக்கிற ஜெபத்தில்தான் மாறுதல் ஆரம்பிக்கிறது.

3. ஜெபித்தவர்கள் எழுந்து நடந்தார்கள்

நெகேமியா கிஸ்லே மாதத்தில் ஜெபிக்கத் தொடங்கினார். ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து நிசான் மாதத்தில் ராஜாவிடம் விடுப்புக் கேட்டார். பிறகு எருசலேமுக்குப் போய், இரவில் இடிந்த அலங்கத்தைச் சுற்றிப் பார்த்தார். தேசத்திற்காக உண்மையாய் ஜெபிக்கிறவனை அந்த ஜெபமே ஒருநாள் எழுப்பி அனுப்பும்.

ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற இடத்தில் மாலையில் போய் நின்றால் கீழே சேலம் பட்டணம் முழுவதும் விளக்குகளாகத் தெரியும். அந்தச் சேலத்தில் 1876-ம் ஆண்டு மார்ச் 24-ம் தேதி பிறந்தவர் கே.டி. பால். 1905-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் கூடிய ஒரு சிறு கூட்டம், இந்தியருடைய பணத்தாலும் இந்தியருடைய ஜெபத்தாலும் இந்தியாவில் ஊழியம் செய்ய வேண்டும் என்று தேசிய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியது. அதில் பாலும் இருந்தார். பிற்பாடு அதன் பொதுச் செயலாளராகவும் உழைத்தார். 1916-ல் ஒய்.எம்.சி.ஏ.யின் தேசியப் பொதுச் செயலாளரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவரே.

கிராமத்து ஏழை வட்டிக்கடனில் மூழ்குவதைப் பார்த்து, கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்காக அவர் ஊர் ஊராக அலைந்தார். அவர் தூண்டிவிட்ட கிராமப் பணியின் கிளையாகத்தான் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.யின் கிராம முன்னேற்ற மையம் பெயர் பெற்றது. அங்கே தேனீ வளர்க்கக் கற்றவர்கள் பலர். 1930-ல் லண்டனில் நடந்த முதல் வட்டமேஜை மாநாட்டுக்கு இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதியாகப் போனார். கிறிஸ்தவர்கள் தங்களுக்கென்று தனி வேலி போட்டுக்கொண்டு ஒதுங்கக் கூடாது, நாட்டு மக்களோடு கலந்து நிற்க வேண்டும் என்பது அவருடைய பாரம். திரும்பி வந்த சில மாதங்களுக்குள், 1931 ஏப்ரல் 11-ல், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அப்போது அவருக்கு வயது 55.

சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை போகும் ரயில் பாதையில் திருப்பத்தூர் இருக்கிறது. அங்கே 1921-ல் இரண்டு டாக்டர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் தமிழரான டாக்டர் சவரிராயன் இயேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்து தேசத்தாரான டாக்டர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். ஜனங்கள் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்று கூப்பிட்டார்கள். ஆளும் இனத்தைச் சேர்ந்தவர் சின்னண்ணன், ஆளப்பட்ட இனத்தைச் சேர்ந்தவர் பெரியண்ணன்! இருவரும் விவாகம் செய்துகொள்ளவில்லை, கதர் உடுத்தினார்கள், ஏழைகளுக்கு வைத்தியம் செய்தார்கள். நம் நாட்டுக் கோயில்களைப் போலக் கல்லில் ஒரு ஜெபாலயத்தைக் கட்டினார்கள். 1932-ல் சென்னையில் மறியல் நடந்த தெருவில் நின்ற பேட்டனைப் போலீசார் அடித்தார்கள். அந்தச் செய்தி பிரிட்டிஷ் பாராளுமன்றம் வரைக்கும் போயிற்று. அவரோ திரும்பவும் திருப்பத்தூருக்குப் போய்த் தம் நோயாளிகளைப் பார்த்தார். காலையில் ஜெபாலயம், பிறகு வைத்தியசாலை. தேசத்திற்கான ஜெபத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

4. காயப்படுத்திய தேசத்திற்காகவும்

அந்தச் செவிலியர் சொன்ன பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. 1999-ம் ஆண்டு ஜனவரி 22-ம் தேதி இரவை நாம் மறக்க முடியாது. ஒரிசாவின் மனோகர்பூர் கிராமத்தில் கிரஹாம் ஸ்டெயின்ஸும், அவருடைய மகன்கள் 10 வயது பிலிப்பும் 6 வயது தீமோத்தேயும் தாங்கள் படுத்திருந்த வண்டியோடு எரிக்கப்பட்டார்கள். பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கு ஊழியம் செய்தவர் அவர். அவருடைய மனைவி கிளாடிஸ் கொன்றவர்களை மன்னிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். ஊரைவிட்டு ஓடாமல், மகள் எஸ்தருடன் தங்கி, தொழுநோயாளிகளின் இல்லத்தைத் தொடர்ந்து நடத்தினார். 2005-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

மன்னிப்பு நீதியைத் தடுக்கவில்லை. வழக்கு நடந்தது, நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. நீதியை நீதிமன்றத்துக்கு விட்டுவிட்டு, பகையை ஆண்டவரிடம் இறக்கி வைத்துவிட்டு, அந்தச் சகோதரி மறுபடியும் புண்களைக் கழுவப் போனார். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதமும் இதையே சொன்னது. உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் நன்மையைத் தேடி ஜெபியுங்கள், அது சுகமாயிருந்தால்தான் உங்களுக்கும் சுகம் என்பது அதன் கருத்து (எரேமியா 29:7). பயப்படுகிறவர்களும் ஜெபிக்கலாம். பயத்தையும் சேர்த்தே சொல்லி ஜெபிக்கலாம்.

5. வாரம் முழுவதும் ஜெபிக்க

"தேசத்தை ஆசீர்வதியும்" என்று பொதுவாகச் சொன்னால் மனம் எங்கும் நிற்காது. குறிப்பாக ஜெபியுங்கள். குடும்ப ஜெபத்துக்கு உதவியாக:

ஞாயிறு: ஸ்தோத்திரம் செலுத்துங்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு நம் நாட்டில் காட்டு வகைப் போலியோ வைரஸால் ஒரு பிள்ளையும் முடமாகவில்லை. 2014 மார்ச் 27-ல் இந்தியா போலியோ இல்லாத நாடாகச் சான்று பெற்றது. வீடு வீடாக நடந்த சொட்டு மருந்து ஊழியர்களை நினைத்து நன்றி சொல்லுங்கள்.

திங்கள்: உங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரைப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டே. மலைவாழ் மக்களின் குரல் கோட்டையில் கேட்க வேண்டும்.

செவ்வாய்: காசநோயாளிகளுக்காக. உலகத்தின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் நம் நாட்டில் இருக்கிறார்கள். மாத்திரையை நடுவில் நிறுத்திவிடாமல் முடிக்கிற பொறுமைக்காக ஜெபியுங்கள்.

புதன்: தொழுநோயாளிகளுக்காக. உலகில் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கண்டறியப்படுகிறவர்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். வெட்கத்தினால் மறைக்காமல் சீக்கிரம் வர வேண்டும்.

வியாழன்: நீதிபதிகள், போலீசார், தாசில்தார் அலுவலக ஊழியர்கள். ஏழை ஒருவன் இவர்கள் முன்னால் நிற்கும் வேளையை நினைத்து ஜெபியுங்கள்.

வெள்ளி: நம் சபைகள். சாதி, பதவிச் சண்டை, கோர்ட் வழக்கு இவற்றை அறிக்கையிட்டு மனந்திரும்பும் நாள்.

சனி: நீங்கள் ஓட்டுப் போடாத ஒருவர். அவருடைய கையில் இருக்கும் ஒரு நல்ல காரியத்தைத் தேடிக் கண்டுபிடித்து அதற்காக ஜெபியுங்கள்.

அந்தச் செவிலியருக்கு இப்போது நான் சொல்லக்கூடியதும் இதுதான். "அம்மா, அவரை உனக்குப் பிடிக்க வேண்டும் என்று ஆண்டவர் கேட்கவில்லை. அவர் கையெழுத்துப் போடுகிற ஒரு காகிதத்தால் மலைமேல் உள்ள ஒரு சுகாதார நிலையத்துக்கு மருந்து வரலாம், வராமலும் போகலாம். அந்தக் கைக்காக ஜெபி. பிறகு உன் வார்டுக்குப் போ."

கடைசியாக ஒரு காரியம். ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் ஏரியைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து சுமார் மூன்று கிலோமீட்டரில் உள்ள கிளியூர் அருவியையும் பார்த்துவிட்டுப் போவார்கள். ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து தண்ணீர் விழும். கோடையில் வந்தால் வெறும் பாறைதான். மழை பெய்து ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கிளியூரில் அருவியாகப் பாய்கிறது. ஏரி நிரம்பாவிட்டால் கீழே பள்ளத்தாக்குக்கு ஒன்றும் போகாது.

நம்முடைய ஜெப அறையும் அப்படித்தான். அங்கே தேசத்தின் பாரம் நிரம்பினால் அது வழிந்து நம் வார்டுக்கும், தெருவுக்கும், ஓட்டுச் சாவடிக்கும், அடுத்த வீட்டுக்காரருடைய திண்ணைக்கும் பாயும்.  நாளைக் காலையில் உங்கள் குடும்ப ஜெபத்தில் தேசத்துக்கு ஒரு வாக்கியம் மட்டும் அல்ல, ஐந்து நிமிடம் கொடுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்