உண்ணிச்செடியை ஒழித்தலும் புல்வெளியை மீட்டலும்

மலையடிவாரத்துச் சங்கங்களுக்கு நாம் தணிக்கைக்குச் செல்லுங்கால் அங்கத்தினர்கள் அடிக்கடி கூறும் குறை ஒன்றுண்டு. “சென்ற ஆண்டு பணம் செலவிட்டு உண்ணிப் புதரை வெட்டினோம், இவ்வாண்டு அது முன்னிலும் அடர்ந்து நிற்கிறது, மாடு மேயப் புல்லில்லை” என்பதே அது. அத்தகைய சங்கமொன்றில் செலவுச் சீட்டுகள் யாவும் ஒழுங்காகவே இருந்தன, வேலைதான் வீணாயிற்று. அதன் காரணத்தை ஈண்டு விளக்க விரும்புகிறோம்.

உண்ணிச்செடி நம் நாட்டுக்கு உரியதன்று. அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளில் தோன்றிய இது, பூவின் அழகு கருதி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டது. தோட்டத்தினின்று வேலிக்கும், வேலியினின்று காட்டிற்கும் பரவிற்று. இந்தியாவில் புலி வாழும் காடுகளில் ஏறத்தாழ 1,54,000 சதுர கிலோமீட்டர், அதாவது நூற்றுக்கு நாற்பது பங்கிற்கும் மேல், இதன் பிடியில் உள்ளதாக 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது.

இப்புதரின் அடர்ந்த நிழலில் புல்லும் மரக்கன்றும் தலையெடுப்பதில்லை. இலையிலுள்ள நஞ்சு ஆடுமாடுகளுக்குக் காமாலையை உண்டாக்கும். புல்லை நம்பி வாழும் மானுக்கும் காட்டெருமைக்கும் தீனி குறைகிறது. கோடையில் காய்ந்த புதர், தரையில் பற்றிய தீயை மரக்கிளை வரை ஏற்றிவிடுகிறது.

பூச்சியைக் கொண்டு இதனை அழிக்கலாகாதா எனச் சிலர் வினவுவர். நெசவாளர்க்குச் சிவப்புச் சாயம் அளித்த மெக்சிகோ நாட்டுப் பூச்சியின் இனத்தைச் சேர்ந்த பூச்சியொன்று, 1926இல் இலங்கையினின்று தென்னிந்தியாவிற்குக் கொணரப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அது பெரும்பரப்பில் சப்பாத்திக்கள்ளியை அழித்தது. ஆனால் உண்ணிச்செடியை அழிக்கவென 1941இல் கொணரப்பட்ட பூச்சி அத்தகைய வெற்றியைத் தரவில்லை. அது இலையைச் சேதப்படுத்தினாலும் செடி மீண்டும் துளிர்த்துக்கொள்கிறது.

ஆகவே மனித உழைப்பே வழி. அவ்வுழைப்பும் முறையறிந்து செய்யப்படல் வேண்டும். தண்டும் வேரும் கூடுமிடத்தினின்றே இச்செடி புதிதாகத் தழைக்கிறது. தரைக்கு மேல் வெட்டுவதும் தீயிடுவதும் பயன்படாமைக்கு இதுவே காரணம். தில்லிப் பல்கலைக்கழக அறிஞர்கள் கார்பெட் புலிகள் காப்பகத்தில் கையாண்டு, 2009இல் வெளியிட்ட முறை மூன்று படிகளைக் கொண்டது.

முதலாவது, ஆணிவேரை மண்ணிற்குச் சற்றுக் கீழே வெட்டிப் புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுதல். இரண்டாவது, பறவைகள் தங்கும் மரங்களின் அடியில் முளைக்கும் கன்றுகளை அடுத்தடுத்த பருவங்களில் பிடுங்குதல். இதன் விதையைப் பரப்புவோர் பழந்தின்னும் பறவைகளே அன்றோ! மூன்றாவது, வெறுநிலத்தில் நாட்டுப் புல்லையும் மரங்களையும் வளர்த்தல். அங்ஙனம் செய்த இடங்களில் புல்வெளி மீண்டது. தாவர உண்ணிகளுக்கு மேய்ச்சலும் கிடைத்தது.

நாம் கண்ட சங்கம் முதற்படியை அரைகுறையாகச் செய்து, மற்ற இரண்டையும் மறந்தது. ஓராண்டிற்கு மட்டுமே பணம் ஒதுக்கியது அதன் பிழை. குறைந்தது மூன்றாண்டுகளுக்கேனும் தொகை ஒதுக்கிய பின்னரே வேலையைத் தொடங்குதல் நலம். புதரிலும் சில பறவைகள் ஒதுங்குவதால், முழுவதையும் ஒரே நாளில் அழிக்காது பகுதி பகுதியாக அகற்றுதல் வேண்டும். காட்டு நிலமாயின் வனத்துறையின் அனுமதி இன்றியமையாதது.

வெட்டிய தண்டும் வீணன்று. அதனை வேகவைத்துத் தோலுரித்தால் நாற்காலியும் மேசையும் செய்யலாம்; மாதேசுவரன் மலையில் சோளகர் இத்தொழிலைச் செய்துள்ளனர். கூடலூர்ப் பகுதிப் பழங்குடியினர் உண்ணித் தண்டால் உருவாக்கிய, உண்மை யானையளவுள்ள யானை உருவங்கள் 2021இல் இலண்டன் பூங்காக்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன. பின்னுந்தொழில் அறிந்த அங்கத்தினர்கள் நம்மிடையேயும் உளர்; அகற்றும் செலவின் ஒரு பகுதியை அவர்கள் கைத்திறனால் ஈட்டலாம். எனினும், தொழிலுக்கென்று புதரை விட்டுவைக்கும் எண்ணம் எவருக்கும் வருதல் கூடாது.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இப்பொருளை விவாதத்திற்கு எடுத்துக்கொள்ளுமாறு மலையடிவாரச் சங்கங்களை வேண்டுகிறோம். முதலாண்டு வெட்டுவோர் பலர். மூன்றாம் ஆண்டும் குனிந்து கன்று பிடுங்குவோர்க்கே புல் மீளும்.