வாயைக் கொடுத்தால் வம்பு! அமெரிக்காவில் கதிகலங்க வைக்கும் ‘டார்கெட்’ கடிதம்

அமெரிக்காவில் ஒரு கடிதம் உண்டு. அதைப் பிரித்துப் படித்த ஆசாமிக்கு அன்று ராத்திரி தூக்கம் வராது.

‘டார்கெட் லெட்டர்’ என்று அதற்குப் பெயர். டார்கெட் என்றால் குறி. “நாங்கள் குறி வைத்திருக்கும் ஆள் நீங்கள்தான்” என்று அரசாங்கமே எழுத்து மூலம் தெரிவிக்கிற கடிதம் அது. அனுப்புகிறவர் மத்திய அரசு வக்கீல்.

அதைக் கண்டதும் பலருக்குக் கை, கால் உதறும். “நான் ஒரு தப்பும் பண்ணவில்லையே! நேரே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்” என்று கிளம்பி விடுவார்கள். அங்கேதான் ஆபத்து!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

2 வித போலீஸ்

அமெரிக்காவில் அடிதடி, திருட்டு, கொலை என்றால் பெரும்பாலும் உள்ளூர் போலீசும், மாநில கோர்ட்டும் கவனித்துக் கொள்ளும்.

பாங்கியை ஏமாற்றுவது, வருமான வரி மோசடி, தபால் மோசடி, விசா மோசடி, பங்கு மார்க்கெட்டில் தில்லுமுல்லு போன்றவை மத்திய அரசுக்குப் போகும். எப்.பி.ஐ. துப்பறியும் அதிகாரிகள் வருவார்கள். வரி வழக்கு என்றால் வரி இலாகா துப்பறிவாளர்களும் வருவார்கள்.

இவர்கள் அவசரப்பட மாட்டார்கள். மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், பாங்கிக் கணக்குகளையும் ரசீதுகளையும் சேர்ப்பார்கள். ஆகவே கடிதம் வரும்போது, அவர்கள் கையில் ஒரு கட்டு காகிதம் தயாராக இருக்கிறது என்று அர்த்தம்.

3 ரகம்

விசாரணையில் சிக்குகிறவர்களை அரசு வக்கீல்கள் 3 ரகமாகப் பிரிக்கிறார்கள்.

முதல் ரகம், சாட்சி. இவருக்கு விஷயம் தெரியும். ஆனால் இவர் மீது சந்தேகம் இல்லை.

2-வது ரகம், விசாரணை வளையத்துக்குள் இருப்பவர். இவருடைய நடவடிக்கைகளைத் தோண்டித் துருவிக் கொண்டிருக்கிறார்கள்.

3-வது ரகம்தான் டார்கெட். இவரைக் குற்றத்தோடு சேர்த்துக் கட்டும் அளவுக்குக் கணிசமான ஆதாரம் கிடைத்து விட்டது. இனி குற்றவாளிக் கூண்டில் ஏறப் போகிறவர் இவர்தான் என்று அரசு வக்கீல் கருதுகிறார்.

இன்று சாட்சியாக இருப்பவர் நாளை டார்கெட் ஆகலாம். எப்படி? பெரும்பாலும் அவர் வாயால்தான்!

கோடீசுவரி கதை

மார்த்தா ஸ்டூவர்ட் என்ற பெண்மணியை அமெரிக்காவில் தெரியாதவர் கிடையாது. சமையல், வீட்டு அலங்காரம் சொல்லிக் கொடுத்தே கோடீசுவரி ஆனவர்.

2001-ம் ஆண்டு டிசம்பர் 27-ந்தேதி இவர் ஒரு மருந்து கம்பெனியின் பங்குகளை விற்றார். மொத்தம் 3,928 பங்கு. மறுநாளே அந்தக் கம்பெனிக்குக் கெட்ட சேதி வெளியானது. பங்கு விலை சரிந்தது. முன்கூட்டி விற்றதால் அவருக்கு மிச்சமான தொகை சுமார் 45 ஆயிரம் டாலர். அவருடைய சொத்துக்கு அது கொசுறு!

அதிகாரிகள் கூப்பிட்டு விசாரித்தார்கள். 2002-ல் அவர் போய்ப் பதில் சொன்னார். “விலை 60 டாலருக்குக் கீழே போனால் விற்றுவிடு என்று தரகரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன்” என்றார்.

ஜூரிகள் அதை நம்பவில்லை. 2004 மார்ச்சில் அவர் குற்றவாளி என்று முடிவு சொன்னார்கள். எதற்காக? அதிகாரிகளிடம் பொய் சொன்னதற்காக! விசாரணைக்கு இடைஞ்சல் செய்ததற்காக! அதற்குக் கூட்டுச்சதி செய்ததற்காக!

உள்தகவலை வைத்து வியாபாரம் செய்தார் என்ற கிரிமினல் குற்றச்சாட்டு அவர் மீது சுமத்தப்படவே இல்லை. பங்கு மோசடி என்ற குற்றச்சாட்டை நீதிபதியே தள்ளுபடி செய்து விட்டார்.

ஆனாலும் 5 மாதம் ஜெயில், 5 மாதம் வீட்டுக்காவல். பங்கு விற்றது தப்பிவிட்டது. பேசிய பேச்சு மாட்டி வைத்து விட்டது!

ஒரே வார்த்தை

இதைவிடச் சின்ன வார்த்தைக்கும் ஆள் மாட்டியிருக்கிறார்.

நியூயார்க்கில் ஒரு தொழிற்சங்க நிர்வாகி. 1993-ல் ஒரு நாள் மாலை அவர் வீட்டுக்கு 2 மத்திய அரசு அதிகாரிகள் வந்தார்கள். “முதலாளியிடம் பணமோ, பரிசோ வாங்கினீர்களா?” என்று கேட்டார்கள்.

“இல்லை” என்றார். அவ்வளவுதான்.

அந்தக் கம்பெனியில் சோதனை போட்டு, இவருக்குப் பணம் கொடுத்த கணக்கை அவர்கள் ஏற்கனவே எடுத்து வைத்திருந்தார்கள். பணம் வாங்கிய குற்றத்தோடு, பொய் சொன்ன குற்றமும் சேர்ந்து கொண்டது.

“பயத்தில் இல்லை என்று சொல்வது ஒரு குற்றமா?” என்று அவர் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். “குற்றம்தான்” என்று 1998-ல் தீர்ப்பு வந்தது. மத்திய அரசு அதிகாரியிடம் முக்கிய விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னால் 5 ஆண்டு வரை ஜெயில் போடலாம். சத்தியம் செய்திருக்க வேண்டும் என்ற அவசியம் கூடக் கிடையாது.

கதவைத் தட்டினால்...

சினிமாவில், “பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு” என்று போலீசார் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். கைது செய்து, காவலில் வைத்து விசாரிக்கும்போதுதான் அப்படிச் சொல்ல வேண்டும். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்தபடி கேட்டால் சொல்ல வேண்டியது இல்லை.

அமெரிக்க வக்கீல்கள் சொல்லும் யோசனை இதுதான். மரியாதை குறையக் கூடாது. வந்தவரின் விசிட்டிங் கார்டை வாங்கிக் கொள்ள வேண்டும். “என் வக்கீல் உங்களோடு பேசுவார்” என்று சொல்லி வழி அனுப்ப வேண்டும். பிறகு கம்மென்று இருக்க வேண்டும்.

பொய் சொல்லக் கூடாது. ஆனால் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 1791-லேயே அமெரிக்க அரசியல் சட்டத்தில் இந்த உரிமை எழுதப்பட்டு விட்டது.

சிநேகிதரிடம் புலம்புவதும் ஆபத்து. நாளைக்கு அந்த சிநேகிதரையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவார்கள். கூட வேலை செய்தவருக்குப் போன் போட்டு, “நீ இப்படிச் சொல்லிவிடு” என்றால், சாட்சியைக் கலைத்ததாகத் தனி வழக்கு வரும்.

கிழித்தால் தொலைந்தது

அடுத்த ஆபத்து காகிதம்.

பயத்தில் சிலர் ரசீதைக் கிழிப்பார்கள். கணக்கு நோட்டை எரிப்பார்கள். செல்போனில் உள்ள சேதிகளை அழிப்பார்கள். விசாரணையைக் கெடுக்கும் எண்ணத்தோடு ஆவணத்தை அழித்தாலோ, திருத்தினாலோ 20 ஆண்டு வரை ஜெயில் என்று 2002-ல் சட்டம் வந்து விட்டது. மூலக் குற்றத்துக்குத் தண்டனை குறைவாகவும், கிழித்த குற்றத்துக்கு அதிகமாகவும் இருக்கலாம்!

“ஆர்தர் ஆண்டர்சன்” என்ற பிரமாண்டமான ஆடிட்டர் கம்பெனி, என்ரான் ஊழலில் காகிதங்களைக் கிழித்ததாகச் சொல்லி 2002-ல் தண்டிக்கப்பட்டது. 2005-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. என்ன பிரயோசனம்? அதற்குள் கம்பெனி படுத்து விட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள்.

‘ஒரு நாள் ராணி’

கடிதம் வந்த உடனே முதல் வேலை, மத்திய அரசு வழக்குகளில் பழக்கப்பட்ட கிரிமினல் வக்கீலைப் பிடிப்பது. வீட்டுப் பத்திரம் எழுதுகிற வக்கீல் இதற்கு ஆகாது. காசு இல்லாதவர்களுக்கு அரசு செலவிலேயே வக்கீல் கிடைப்பார்.

அந்த வக்கீல் அரசு வக்கீலுக்குப் போன் செய்வார். என்ன குற்றம், என்ன ஆதாரம் என்று நோட்டம் பார்ப்பார். தன் கட்சிக்காரர் பக்கம் நியாயம் இருந்தால் எடுத்துச் சொல்லி, வழக்கே போடாமல் செய்யப் பார்ப்பார். சில சமயம் அது பலிக்கும். கடிதம் வந்தவர் எல்லாம் கோர்ட்டு ஏறுவதில்லை.

சில சமயம் பேரம் நடக்கும். “உள்ளதைச் சொல். நீ சொல்வதை நேரடியாக உனக்கு எதிராகப் பயன்படுத்த மாட்டோம்” என்பார்கள். இதற்கு வக்கீல்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் “ஒரு நாள் ராணி”. ராணிப் பட்டம் அன்று ஒரு நாளைக்குத்தான். அவர் கொடுத்த துப்பை வைத்து வேறு ஆதாரம் தேடலாம். பின்னால் மாற்றிப் பேசினால், முதலில் சொன்னதையே எடுத்து வீசுவார்கள்.

ரகசிய அறை

பெரிய குற்றமானால், வழக்குப் போடும் முன் ‘கிராண்ட் ஜூரி’ சம்மதிக்க வேண்டும். 16 முதல் 23 பேர் வரை கொண்ட பொதுமக்கள் குழு இது. 12 பேராவது ஒப்புக் கொண்டால் குற்றச்சாட்டு பதிவாகும்.

அந்த அறையில் நீதிபதி கிடையாது. எதிர்க்கட்சி வக்கீலும் கிடையாது. “வந்து சாட்சி சொல்லலாம்” என்று டார்கெட் கடிதத்திலேயே அழைப்பு இருக்கும். போகிறவருடைய வக்கீல் வாசலில்தான் நிற்க வேண்டும். சந்தேகம் வந்தால் எழுந்து வெளியே வந்து கேட்டுக் கொள்ளலாம். பெரும்பாலான வக்கீல்கள், “போகவே வேண்டாம்” என்றுதான் சொல்வார்கள்.

கடிதத்துக்குப் போகாமல் இருக்கலாம். சம்மன் வந்தால் அப்படி இருக்க முடியாது. வக்கீல் மூலம் முறைப்படி பதில் சொல்லியே தீர வேண்டும்.

ஜனாதிபதியாக இருந்த டிரம்புக்கும் 2023 ஜூலையில் ஒரு டார்கெட் கடிதம் வந்தது. அவர் கிராண்ட் ஜூரி முன் போகவில்லை. ஆகஸ்டு 1-ந்தேதி வழக்குப் பதிவானது. 2024 தேர்தலில் ஜெயித்த பிறகு அது கைவிடப்பட்டது.

விடியற்காலை கைது

எல்லோருக்கும் கடிதம் வரும் என்று நம்பக் கூடாது. அனுப்பியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை.

கொழும்பில் பிறந்த தமிழர் ராஜ் ராஜரத்தினம், நியூயார்க்கில் பங்கு மார்க்கெட் கோடீசுவரராக இருந்தவர். 2009 அக்டோபர் 16-ந்தேதி காலையில் எப்.பி.ஐ. அவரைக் கைது செய்தது. அதற்கு முந்தின ஆண்டே அவருடைய போன் பேச்சு மாதக்கணக்கில் பதிவாகி இருந்தது. அந்தப் பேச்சே கோர்ட்டில் ஒலித்தது. 2011-ல் 11 ஆண்டு ஜெயில் தண்டனை.

பிள்ளை அங்கே இருந்தால்

நம் ஊர்ப் பிள்ளைகள் ஏராளமானோர் அங்கே விசாவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஜெயிலோடு இன்னொரு தலைவலியும் உண்டு. பிரஜை அல்லாதவர் சில குற்றங்களை ஒப்புக் கொண்டால், நாட்டை விட்டே அனுப்பி விடுவார்கள். “சின்ன தண்டனைதானே” என்று கையெழுத்துப் போட்டால், வேலை, வீடு எல்லாம் போய்விடும். இந்த அபாயத்தை வக்கீல் சொல்லியே ஆக வேண்டும் என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது. அவர் சொல்லாவிட்டால், நாமே கேட்டுவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. “உங்கள் பேரில் அமெரிக்காவில் கேஸ், உடனே பணம் கட்டினால் விட்டு விடுகிறோம்” என்று போன் வந்தால், அது அசல் மோசடி. நிஜமான டார்கெட் கடிதம் ஒரு டாலர் கூடக் கேட்காது. அரசு அலுவலகத்தின் பெயர், வக்கீலின் கையெழுத்து, எந்தச் சட்டப் பிரிவு என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். கடிதத்தில் உள்ள நம்பரை விட்டுவிட்டு, அந்த அலுவலகத்தின் நம்பரைத் தனியாகத் தேடி, வக்கீலை விட்டே விசாரிக்கச் சொல்ல வேண்டும்.