சங்கிலியும் சிகிச்சையும்

இராமநாதபுரம் மாவட்டத்தில், கீழக்கரைக்கு அருகே கடலோரத்தில் ஏர்வாடி இருக்கிறது. அங்குள்ள தர்காவுக்கு எல்லா மதத்தவரும் வருகிறார்கள். மனம் கலங்கியவர்களை அழைத்து வந்து நாள்கணக்கில் தங்குவோரும் உண்டு.

அவ்வூரில் தனியார் காப்பகங்கள் சிலவும் இருந்தன. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை, அவற்றுள் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் உயிரிழந்தனர்.

அவர்கள் குற்றவாளிகள் அல்லர், நோயாளிகள். பலரைக் கொண்டுவந்து விட்டவர்கள் சொந்தக் குடும்பத்தாரே. வெறுப்பினால் என்று சொல்லிவிட முடியாது. வேறு எங்கே போவதென்று பலருக்குத் தெரியவில்லை.

பள்ளி மாணவர்களுக்கு இது எதற்கு என்கிறீர்களா? உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான கட்டுரை ஒன்றைப் பாருங்கள். மனநோய் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு 14 வயதுக்குள்ளும், பாதிக்கு மேற்பட்டோருக்கு 25 வயதுக்குள்ளும் அது தொடங்கிவிடுகிறதாம். அதாவது, உங்கள் வயதில்!

மூளையின் உட்புறத்தில் பாதாம் பருப்பு வடிவில் அமிக்டலா என்ற பகுதி உள்ளது. அச்சம் எழுவதில் இதற்குப் பெரும் பங்குண்டு. அதை நிதானப்படுத்த உதவும் நெற்றிப்புற மூளை, இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. பாய் விரித்தாயிற்று, சுக்கான் இன்னும் முழுதாகப் பொருத்தப்படவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குச் சிகிச்சை என்ன? பாம்பனில் ஒரு மாணவி. அப்பா கடலுக்குப் போகும் இரவெல்லாம் அவளுக்குத் தூக்கமில்லை. பள்ளிக்கும் போவதில்லை. இது கற்பனைதான். ஆலோசகர் அவளிடம் "பயப்படாதே" என்று சொல்லமாட்டார். (அப்படிச் சொல்லி யாருக்காவது பயம் போயிருக்கிறதா?) "அந்த நேரத்தில் மனத்தில் என்ன ஓடுகிறது?" என்று கேட்பார். 'படகு திரும்பாது' என்பாள். அதை நோட்டில் எழுதச் சொல்வார். இதுவரை எத்தனை இரவுகள் போனார், எத்தனை முறை திரும்பினார்? துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா? கடலில் ஆபத்தே இல்லையென்று அவர் பொய் சொல்வதில்லை. உள்ள ஆபத்தையும் மனம் பெருக்கிக் காட்டுவதையும் பிரித்துப் பார்க்கப் பழக்குகிறார். பள்ளிக்கும் முதலில் ஒரு மணி நேரம், பிறகு அரைநாள். இப்படிச் சில மாதங்கள்.

1960களில் ஆரோன் பெக் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த முறையிலிருந்து வளர்ந்தது இது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பலன் தருவதாகப் பல சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஆனால் இல்லாத குரல் காதில் கேட்கும் மனச்சிதைவு நோய்க்குப் பேச்சு மட்டும் போதாது, மருந்து வேண்டும்.

தீ விபத்துக்குப் பின் ஏர்வாடிக் காப்பகங்கள் மூடப்பட்டன. யாரையும் எவ்விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. தர்காவுக்கு வருவோருக்குப் பிரார்த்தனையோடு மனநல மருத்துவமும் கிடைக்கச் செய்யும் 'தவா–துவா' திட்டமும் வந்தது. குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் முன்பே நடந்துவந்த முறை அது. நம்பிக்கையை விடச் சொல்லாமல் மாத்திரையையும் கொடுப்பது நல்ல யோசனைதான்.

உங்களுக்கோ தோழருக்கோ இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சரியில்லையா? நம்பும் பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். அல்லது 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை அது. இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லையென்றால், "தூக்கம் வரவில்லை" என்று ஆரம்பிக்கலாம்.