டிப்ளமோவை விட ஒரு தாள் பெரிது

மாதக் கடைசிக்குள் சேர்ந்தால் கட்டணச் சலுகை என்று கிளினிக்கல் ரிசர்ச் டிப்ளமோ விளம்பரங்கள் வந்தபடி இருக்கின்றன. புதுச்சேரியில் கரிக்கலாம்பாக்கம், பாகூர் பக்கம் நர்சிங்கும் பி.பார்மும் முடித்தவர்கள் எழுதிக் கேட்பது ஒன்றுதான்: ‘அரசு அங்கீகாரம்’ என்கிறார்களே, நிஜமா?

எந்த விதியில் என்று திருப்பிக் கேளுங்கள். 2019-ம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனை விதிகள் ஆய்வை நடத்தும் டாக்டருக்குத் தகுதி கேட்கின்றன. ஆய்வு வேலைகளை ஒருங்கிணைக்கும் கோ-ஆர்டினேட்டர் இன்ன டிப்ளமோ படித்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் பதிவு கட்டாயமானது ஆய்வுகளை எடுத்து நடத்தும் சி.ஆர்.ஓ. நிறுவனங்களுக்கு, பயிற்சி மையங்களுக்கு அல்ல. இந்தக் குழப்பத்தில்தான் விளம்பரம் பிழைக்கிறது.

கரிக்கலாம்பாக்கம் சமுதாய நலவழி மையத்தில் ஊசி போடும் நர்ஸ், மருந்து ஆய்வில் அதே ஊசியைப் போட ஒரு தாளில் பெயர் ஏற வேண்டும். டெலிகேஷன் லாக் என்பார்கள். பெயர், மாதிரிக் கையெழுத்து, ஒப்படைத்த வேலைகள், தொடங்கிய தேதி, பக்கத்தில் ஆய்வு டாக்டரின் கையெழுத்து. ஸ்பான்சர் அனுப்பும் மானிட்டர் இதை நோயாளியின் ஒப்புதல் படிவத்தோடு வைத்துப் பார்ப்பார். நீங்கள் ஒப்புதல் வாங்கியது 8-ம் தேதி, லாக்கில் பெயர் ஏறியது 10-ம் தேதி என்றால் அது விதிமீறல். டிப்ளமோவைக் காட்டித் தப்ப முடியாது. டிப்ளமோ இல்லாத நர்ஸோ, ஜி.சி.பி. எனும் நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறைப் பயிற்சியும் அந்த ஆய்வுக்கான பயிற்சியும் முடித்துப் பெயர் ஏறியிருந்தால் வேலை பார்க்கலாம்.

கெட்டிக்கார ஏற்பாடுதான். உறுத்துவது என்னவென்றால், ‘பயிற்சி பெற்றவர்’ என்று கையெழுத்திடுபவரும் ஆள் கிடைக்காமல் திண்டாடுபவரும் ஒரே டாக்டர். உதாரணத்துக்கு, எழுதப் படிக்கத் தெரியாத நோயாளிக்குப் படிவத்தை வாசித்துச் சொல்லும்போது ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அவசரத்தில் வார்டு ஊழியரைக் கூப்பிட்டு நிறுத்தக் கூடாது என்பது பக்கத்தில் நின்று பார்த்தால்தான் மனதில் பதியும். ஆனால் லாக்கை நிரப்ப ஒரு நிமிடம் போதும்.

ஜி.சி.பி.க்குப் பணம் கட்ட வேண்டுமா? வேண்டாம், குளோபல் ஹெல்த் நெட்வொர்க் இணையத்தில் இலவசமாகவே தருகிறது.

பழைய ஜி.சி.பி. சான்றிதழ்? ஜி.சி.பி. வழிகாட்டியின் மூன்றாம் திருத்தம் 2025 ஜனவரியில் வந்துவிட்டது, புதிதாகப் படித்துவிடுங்கள்.

சென்னை என்.ஐ.இ. (தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம்) தரும் ஆய்வுப் படிப்பு? மருத்துவ முதுநிலை மாணவர்களையும் ஆசிரியர்களையும் மனதில் வைத்தது.

வேலை? ஜிப்மர், வி.சி.ஆர்.சி. (நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம்) அறிவிப்புகளைப் பாருங்கள், பெரும்பாலும் திட்டம் முடியும்வரைதான்.

‘நூறு சதவீத வேலை உத்தரவாதம்’? எழுத்தில் கேளுங்கள்.