காசிக்குப் போனால் கங்கையையும் பாருங்கள்

தீபாவளி விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருகிறவரிடம் நம் வீடுகளில் கேட்கிற முதல் கேள்வி, ‘கங்கா ஸ்நானம் ஆச்சா?’ காவிரிக்கரையில் குடியிருந்தாலும் கேட்பார்கள். லாரித் தண்ணீரில் குளித்திருந்தாலும் கேட்பார்கள். கண்ணால் பார்க்காத ஓர் ஆற்றை இத்தனை உரிமையோடு வீட்டுக்குள் வைத்திருக்கிற நாம், அந்த ஆற்றின் படிக்கட்டிலேயே போய் நிற்கும்போது தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. காசியிலிருந்து திரும்பிய நாள் முதல் என் மனசை அரித்துக்கொண்டிருப்பது இதுதான்.

மற்றதெல்லாம் கேட்கிறோம். ரூம் ஏசியா, தரிசனத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும், இட்லி கிடைக்குமா, கயாவுக்கு எத்தனை மணிக்கு வண்டி. நியாயமான கேள்விகள்தான். அவற்றுக்கெல்லாம் இன்று நல்ல பதிலும் கிடைக்கிறது. 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட புதிய வளாகம் விசுவநாதர் கோயிலிலிருந்து நேரே கங்கைக்கே இறங்கி விடுகிறது. முன்பு சந்துக்குள் சந்தாக நுழைந்து, எதிரே வரும் மாட்டுக்கு வழிவிட்டு, தோளோடு தோள் உரசிப் போன கூட்டம் இன்று அகலமான கல் தளத்தில் நடக்கிறது. முட்டிவலிக்காரர்களுக்கு இது பெரிய வரம். பழைய சந்துகளும் வீடுகளும் போயினவே என்று வருந்துகிறவர்களும் உண்டு. அவர்கள் வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

கூட்டம் பெருகியதும் பயணம் சுருங்கிவிட்டது. முதல் நாள் மாலை இறங்குகிறார்கள். தசாசுவமேத காட் என்கிற படித்துறையில் ஆரத்தி. மறுநாள் விடியலில் ஒரு முழுக்கு, விசுவநாதர், அன்னபூரணி, விசாலாட்சி, காலபைரவர் கோயிலில் கறுப்புக் கயிறு. மதியச் சாப்பாட்டுக்கு முன் பஸ் கிளம்பிவிடுகிறது. ஆற்றைப் பார்க்க அவர்களுக்கு வாய்ப்பதே இல்லை. ஆரத்தியின் போது இருட்டு. முழுக்கின் போது கண்ணை மூடிக்கொள்கிறோம்.

படகில் போய்ப் பாருங்கள். ஆரத்திக்குப் போகிற அரை மணி நேரப் படகைச் சொல்லவில்லை. தெற்கே அசி காட்டுக்கும் மேலே தொடங்கி, வடக்கே வருணை வந்து சேரும் இடம் வரை, காலை வெயிலில். கங்கை இங்கே வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது. அதனால் மேற்குக் கரையின் எண்பதுக்கும் மேற்பட்ட படித்துறைகளும் சூரியனைப் பார்த்தபடி வரிசையாக நிற்கின்றன. எதிர்க்கரையில் வெறும் மணல். உலகத்தில் இப்படி ஒரு காட்சி வேறு எங்கும் இல்லை என்று தயங்காமல் சொல்வேன்.

நக்வாவில் தொடங்குகிறது

ஆனால் அந்தப் படகுப் பயணத்தில் கண்ணில் முதலில் படுவது நக்வா. வருணை, அசி என்று இரண்டு சிற்றாறுகளுக்கு நடுவே அமைந்த ஊர் காசி. அவற்றில் அசி இன்று ஆறாக இல்லை. நகரத்துக்குள் வீடுகளும் கடைகளும் நெருக்கி, அகலம் குறைந்து, சாக்கடையாகிவிட்டது. அது பழைய இடத்தில் கங்கையில் கலப்பதும் இல்லை. 1980-களில் திசை திருப்பப்பட்டு, அசி காட்டுக்கு மேல்புறம், நக்வா பக்கம் வந்து விழுகிறது. நான் பார்த்த அன்று கறுப்பாக, நுரையோடு இறங்கிய அந்தத் தண்ணீர், ஆற்றின் பச்சை நிறத்தோடு உடனே சேராமல் கரையை ஒட்டியே ஒரு பட்டையாக நீண்டது. படகோட்டி துடுப்பை அந்தப் பக்கம் போடவில்லை. மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு, “இங்கே தண்ணீர் எடுக்காதீங்க, பாபுஜி” என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பட்டை நீண்ட திசையில்தான் அசி காட்டும் துளசி காட்டும் இருக்கின்றன. அதை அடுத்து, நகரத்துக்குக் குடிநீருக்காக ஆற்று நீரை இறைக்கும் பதைனி நீரேற்று நிலையம். பிறகு நம்மவர்கள் முழுகும் ஹனுமான் காட், கேதார் காட்.

துளசி காட்டைக் கடக்கும்போது ஒரு மனிதரை நினைக்காமல் இருக்க முடியாது. வீரபத்ர மிஸ்ரா. சங்கட மோசன் அனுமன் கோயிலின் மகந்த், அதாவது தலைமைக் குரு. அதே சமயம் காசி இந்து பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல் பேராசிரியர். விடியலில் இதே படியில் முழுகி ஜபம் செய்துவிட்டு, இதே தண்ணீரைக் குப்பியில் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியவர். 1982-ல் அவர் தொடங்கிய அமைப்பின் ஆய்வகம் ஆண்டுக்கணக்கில் கணக்கு எழுதி வந்தது. குளிக்கிற தண்ணீரில், மனிதக் கழிவிலிருந்து வரும் கோலிஃபார்ம் கிருமி 100 மில்லிக்கு 500-க்குள் இருப்பது நல்லது, 2,500-ஐ எக்காரணம் கொண்டும் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டு விதி. அந்த ஆய்வகத்தின் ஏட்டில் பதிவான எண்கள் அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டியவை. கீழே வருணை கலக்கும் இடத்தில் இன்னும் மோசம்.

பக்தியும் படிப்பும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்ததால்தான் அவர் பேச்சை யாராலும் ஒதுக்க முடியவில்லை. 1986-ல் கங்கைச் செயல்திட்டம் தொடங்கி வைக்கப்பட்டதே இந்தக் காசிப் படிக்கட்டில்தான். சாக்கடையை வழியிலேயே மறித்து, பம்பு வைத்து ஏற்றி, சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புவது திட்டம். மின்சாரம் போனால் பம்பு நிற்கும். பம்பு நின்றால் சாக்கடை மறுபடி ஆற்றுக்கே வரும். வெள்ளக் காலத்தில் பம்பே மூழ்கும் என்று அவர் விடாமல் எடுத்துச் சொன்னார். கரை நெடுகக் குழாய் பதித்து, சரிவிலேயே கழிவு நீரை நகரத்துக்குக் கீழே கொண்டுபோய், குளங்களில் தேக்கி வெயிலாலும் பாசியாலும் சுத்தம் செய்யலாம் என்பது அவர் வைத்த மாற்று. 2013-ல் அவர் காலமானார். அவர் கேட்டபடி அது முழுமையாக நிறைவேறவில்லை.

வேலையே நடக்கவில்லை என்று சொன்னால் பொய்யாகும். தீனாப்பூரில் நாளொன்றுக்கு 14 கோடி லிட்டர், கோயிட்டாவில் 12 கோடி, ரம்னாவில் 5 கோடி என்று புதிய நிலையங்கள் வந்திருக்கின்றன. படிக்கட்டுகள் முன்பைவிடப் பல மடங்கு சுத்தம். ஆனால் படிக்கட்டு சுத்தமாக இருப்பதும் தண்ணீர் சுத்தமாக இருப்பதும் வேறு வேறு. முதலாவதைப் பார்த்து நாம் இரண்டாவதை நம்பிவிடுகிறோம்.

இன்னொரு விஷயத்தை யாத்ரீகர்கள் யோசிப்பதே இல்லை. காசியில் நாம் முழுகும் நீரில் இமயத்துக் கங்கை எவ்வளவு? ஹரித்வாரிலேயே பெரிய கால்வாய் பிரிந்துவிடுகிறது. அது 1854-ல் திறக்கப்பட்டது. கீழே நரோராவில் இன்னொன்று. பிரயாகையில் வந்து சேரும் யமுனை கொண்டுவருவது கங்கையைவிட அதிக நீர். அந்த யமுனைக்கும் டெல்லியைத் தாண்டிய பிறகு உயிர் கொடுப்பவை சம்பல், பேத்வா, கென் ஆறுகள். கோடையில் ஓட்டம் குறைந்து, கழிவு மட்டும் குறையாமல் வந்தால் என்ன ஆகும்? கழிவை அடித்துக்கொண்டு போகப் போதிய நீர் இல்லாத ஆற்றை எத்தனை நிலையம் கட்டியும் காப்பாற்ற முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

‘கங்கா ஜலம் கெடாது, வருஷக்கணக்கில் சொம்பில் வைத்தாலும் புழு வைக்காது’ என்பார்கள் பெரியவர்கள். அதற்கு ஓர் அடிப்படை உண்டு. ஹான்கின் என்ற ஆங்கிலேய நுண்ணுயிரியலாளர் 1896-லேயே கங்கை, யமுனை நீருக்குக் காலராக் கிருமியைக் கொல்லும் சக்தி இருப்பதாக எழுதினார். பாக்டீரியாக்களைத் தின்னும் நுண்ணுயிர்கள் அந்த நீரில் இருப்பது உண்மை. அந்தச் சக்தியை நம்பி ஒரு நகரத்தின் சாக்கடையைத் தாயின் தலையில் கொட்டலாமா?

சேலையும் பிளாஸ்டிக் கேனும்

இதில் நம் பங்கு என்ன? கேதார் காட்டின் செவ்வெள்ளைப் பட்டைப் படிகளில் ஒரு காலை நேரம் உட்கார்ந்தால் போதும், தெரிந்துவிடும். அங்கே தமிழ்தான் கேட்கும். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் நிறுவிய மடம் பக்கத்திலேயே இருக்கிறது. கொஞ்சம் தெற்கே ஹனுமான் காட்டில், 1898-லிருந்து சுமார் நான்கு ஆண்டுகள் பாரதி தங்கிப் படித்த அத்தை குப்பம்மாளின் வீடு. கோதௌலியா பக்கம் 1863-லிருந்து நகரத்தார் சத்திரம். விசுவநாதருக்கான பூஜைப் பொருட்களைச் சுமந்துகொண்டு ‘சம்போ, சம்போ’ என்று குரல் கொடுத்தபடி அங்கிருந்து கிளம்புகிறவர்களுக்கு எத்தனை நெரிசலிலும் தெரு வழிவிடுகிறது. இந்த ஊரில் நமக்கு உரிமை உண்டு. உரிமை உள்ள இடத்தில் பொறுப்பும் உண்டு.

தென்மாவட்டத்துக் குடும்பம் ஒன்று குளித்துக் கரையேறியது. வயதான அம்மாளிடம் மருமகள் சொன்னார்: “அத்தை, கட்டியிருந்த சேலையைத் தண்ணியிலேயே விட்ருங்க. பாவமெல்லாம் அதோட போயிரும்.” அந்த அம்மாள் தயங்கினார். “நல்லாத்தானே இருக்கு? யாருக்காவது கொடுக்கலாமே” என்றார். சுற்றி நின்றவர்கள் விடவில்லை. ஆரஞ்சு நிற நைலான் சேலை. அது கொஞ்ச தூரம் மிதந்து, மூழ்கி, அடுத்த படித்துறையில் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு மோட்டார் படகின் விசிறியில் சுற்றிக்கொண்டது. இன்ஜின் திணறி நின்றது. படகுக்காரப் பையன் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கையை உள்ளே விட்டு, பிளேடால் இழை இழையாக அறுத்து எடுத்தான். அறுத்ததைக் கரையில் குவித்த இடத்தில் ஏற்கெனவே வேட்டிகள், துண்டுகள், ஒரு பள்ளிச் சீருடைப் பாவாடை. “தினமும் இதே வேலைதான்” என்றான். கோபம்கூட இல்லை அவனுக்கு.

சாஸ்திரம் சொல்கிறது என்பார்கள். பட்டும் பருத்தியும் மட்டும் இருந்த காலத்து வழக்கம் அது. மட்கிப் போகும். நைலானும் பாலியெஸ்டரும் மட்காது. ஹனுமான் காட்டில் பல தலைமுறைகளாக இருக்கும் ஒரு சாஸ்திரிகளிடம் கேட்டேன். “வஸ்திரத்தை தானமா குடுத்தாலே போதும், ஓய். ஆத்துல விடணும்னு நான் யாருக்கும் சொல்றதில்லை” என்றார்.

தீபம் விடுவதும் அப்படியே. இலைத் தொன்னையில் பூவும் திரியும் வைத்து விட்ட வழக்கம். இப்போது தெர்மாகோல் கிண்ணத்திலும் ஜரிகைத் தாளிலும் விற்கிறார்கள். நாம் வாங்குவதால் விற்கிறார்கள். தீர்த்தம் கொண்டுவரும் மூடிபோட்ட செப்புச் சொம்பை அடித்துத் தள்ளிவிட்டு, பிளாஸ்டிக் கேன்கள் கடை வாசலில் தொங்குகின்றன. கரையோரத்திலேயே முக்கி நிரப்புகிறார்கள். அந்தத் தண்ணீர்தான் ஊருக்கு வந்து, பேரக்குழந்தையின் நாக்கில் சொட்டாக விழுகிறது. எனக்கு நெஞ்சு பதறுவது இங்கேதான்.

போகவேண்டாம் என்று சொல்லவில்லை. அவசியம் போங்கள், ஒரு ராத்திரியோடு திரும்பாமல் இரண்டு மூன்று நாள் தங்குங்கள். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ஆடி, ஆவணியில் ஆறு ஏறிவிடும், நீர்மட்டம் 71.262 மீட்டரைத் தொட்டால் அபாயம். அதற்கு முன்பே படகுகள் நின்றுவிடும், ஆரத்தி மொட்டைமாடிக்குப் போய்விடும். ஒரு காலையைக் கோயிலுக்குக் கொடுத்தால், ஒரு காலையை ஆற்றுக்குக் கொடுங்கள். நக்வாவையும் பாருங்கள், வருணை கலக்கும் இடத்தையும் பாருங்கள். அங்கேதான் ஆதிகேசவர் கோயில் இருக்கிறது. பஞ்ச தீர்த்தங்களில் ஒன்று, கூட்டமே இல்லை. ஆதிகேசவரைச் சேவிக்கும் கண் கீழே வருணையின் நிறத்தையும் பார்க்கட்டும்.

அடுத்த மாதம் கிளம்புகிறவர்கள் டூர் ஏஜென்ட்டிடம் முன்பணம் கட்டுவதற்கு முன்பே இதைக் கேளுங்கள்: எங்களை எந்த இடத்தில் குளிக்க வைப்பீர்கள், அங்கே தண்ணீர் எப்படி இருக்கிறது? பத்துப் பேர் கேட்டால் அவர் விசாரிக்கத் தொடங்குவார். நூறு பேர் கேட்டால் அங்கேயும் அந்தக் கேள்வி போய்ச் சேரும். முழுகும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். ஆசமனத்துக்கும் தீர்த்தத்துக்கும் நடு ஆற்று நீரைப் படகில் போய் எடுங்கள். சோப்பு, ஷாம்பு வேண்டாம். தீபம் விட இலைத் தொன்னை மட்டும் வாங்குங்கள். கட்டிக் குளித்த துணியைப் பிழிந்து ஊருக்கே எடுத்து வாருங்கள். ஈரத்துணி வைக்க ஒரு பையைக் கையோடு கொண்டு போங்கள்.